தோட்டா தேடும் துப்பாக்கிகள்

எண்ணெயிட்டுத் துடைத்து வைத்தால் நூறாண்டு கழிந்தும் பழுதுபடாத அருமையான ரைபிள் ஒன்று, தனக்கு அளவான தோட்டா எங்கும் செய்யப்படுவதில்லை என்ற ஒரே காரணத்தால், நெல்லில்லாத வீட்டு உரலைப் போல மூலையில் கிடக்க நேர்வதுண்டு. இப்பரிதாபம் எவ்வாறு நேர்கிறது என்பதை விளக்க, நம் தேசத்தில் பிறந்த ஒரு தடையுத்தரவின் சரித்திரமே போதும்.

1898-ஆம் ஆண்டில் லண்டன் ஜான் ரிக்பி கம்பெனியார், யானையையும் காட்டெருமையையும் வீழ்த்தவல்ல .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டனர். ஆனால் பட்டாளத்தார் கைவிட்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குழலும் .450 அங்குல அளவினதே. வேட்டைக்காரரின் குண்டுகள் கலகக்காரருக்கும் பயன்பட்டுவிடுமோ என்று அஞ்சிய ஆங்கில அரசாங்கம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த அளவுத் துப்பாக்கிகளை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் பல தனித்தனி அளவை வகுத்துக்கொண்டமையால் .465, .470, .475, .476 என்று ஒரு பெருங்குடும்பமே தோன்றிற்று.

பெயரளவில் நெருங்கிய இவை குணத்தில் நெருங்கியவையல்ல. .465-க்குரிய குண்டின் உண்மையான விட்டம் 0.468 அங்குலம்; .470-க்குரியதோ ஏறத்தாழ 0.474. இரண்டு தலைமயிரின் பருமனேயான இவ்வித்தியாசம், சிறிய குண்டைக் குழலின் திருகுவரிகள் பற்றிச் சுழற்றாமல் குறி தவறச் செய்யவும், பெரிய குண்டை இடுக்கில் நெருக்கி அபாயகரமான அழுத்தத்தை உண்டாக்கவும் போதுமானது.

1960-களில், இத்தோட்டாக்களைச் செய்துவந்த பிரிட்டனின் கைனாக் ஆலை அத்தொழிலைப் படிப்படியாகக் கைவிட்டபோது, இத்துப்பாக்கிகள் அநாதைகளாயின. அப்பொழுதுதான் ஆர்வலர்கள் தாமே பரிசோதனையில் இறங்கினார்கள். இவ்வகை இரட்டைக் குழல் ரைபிளின் இரு குழல்களும், உதாரணமாக .470-இல் 500 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்குச் சுமார் 2,150 அடி வேகத்தில் செல்லும் என்ற கணக்கை வைத்தே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. எடையோ வேகமோ மாறினால் இரண்டின் குண்டுகளும் ஒரே இடத்தில் விழாமல் பிரிந்துபோகும். ஆகவே பழைய வெடிமருந்தான கார்டைட்டுக்குப் பதிலாகப் புதிய மருந்தை இட்டு, சுட்டு, காகிதத்தில் விழுந்த துளைகளை அளந்து, மருந்தைச் சிறிது மாற்றி மறுபடியும் சுட்டு, இரு குழல்களும் ஒத்துப்போகும் வரை பாடுபட வேண்டியிருந்தது. செம்பைக் கடைந்தெடுத்த முழுக்குண்டு, ஈயக்குண்டைப்போல் நெகிழாமல் பழைய குழலை வருத்துமென்று கண்டவர்கள், அதன் உடலில் வளையம் வளையமாகப் பள்ளம் வெட்டி அழுத்தத்தைத் தணித்தார்கள்.

1980-களின் இறுதியில் அமெரிக்க ஆலையொன்று .470 தோட்டாவை மீண்டும் செய்யத் தொடங்கியதும் அத்துப்பாக்கிகளுக்கு விமோசனம் கிடைத்தது. .476 முதலிய அதன் உடன்பிறப்புகளுக்கோ அவ்வளவு எளிதில் விமோசனம் வாய்க்கவில்லை. தடையுத்தரவிட்ட அரசாங்கம் மறைந்து எத்தனையோ காலமாகியும், அது பிறப்பித்த ஓர் அளவுக்காக இன்றும் எங்கோ ஒருவர் கடைசல் யந்திரத்தின் முன் குனிந்து, அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கைக் கவனமாகச் சீவிக்கொண்டிருக்கிறார்.