நார்வே ஃபியோர்டு டூர்: பெரிய கப்பல்தான் வழியா?

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகளைப் பார்க்க, பிரம்மாண்ட குரூஸ் கப்பல்தான் ஏறணுமா? தேவையில்லை. ஆஸ்லோ - பெர்கன் ரயிலில் மிர்டாலில் இறங்கி, ஃப்லாம் ரயிலுக்கு மாறலாம். தூரம் 20 கி.மீ.தான், அதற்குள் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிடும். வழியில் 20 சுரங்கங்கள்!

ஃப்லாமில் இருந்து மின்சாரக் கப்பலில் நேரோய் ஃபியோர்டுக்குள் போகலாம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இந்த ஃபியோர்டின் அகலம் சில இடங்களில் 250 மீட்டர்தான். காற்று அசையாத நாளில் கப்பல் புகை இந்த இடுக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் 2026 முதல், 10,000 டன்னுக்குக் குறைவான பயணிகள் கப்பல்கள் இங்கே மாசில்லா எரிசக்தியில்தான் ஓடணும் என்கிறது நார்வே. பெரிய கப்பல்களுக்கோ 2032 வரை அவகாசம். அதிகம் புகை விடுறவங்களுக்கே சலுகை! புக் பண்ணும்போது கப்பல் எதில் ஓடுதுன்னும் பாருங்க.