நான்கு எழுத்து, ஏழு குறியீடு

எங்கள் தமிழ் மன்றத்தின் கலை நிகழ்ச்சிக்கு ‘வேர்கள்’ என்று பெயர் வைத்தோம். மண்ணிலிருந்து முளைப்பதுபோல அந்தச் சொல் திரையில் எழ வேண்டும். அந்த நான்கு விநாடிக் காணொளி என் பொறுப்பு. ஆங்கிலத் தலைப்புகளைப் பலமுறை அசைய வைத்திருந்ததால், ஒரே மாலையில் முடித்துவிட்டேன்.

திறன்பேசியில் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். “வ, ரே... இது என்னய்யா ‘வரேகள்’? வேர் எங்கே போச்சு?”

அதற்குமுன் மன்றத்தில் மூன்று பேர் அதைப் பார்த்திருந்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிழையைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. நிகழ்ச்சிக்கு ஐந்து நாள்களே இருந்தன.

என்ன நடந்தது? நமக்கு ‘வேர்கள்’ நான்கு எழுத்து: வே, ர், க, ள். யூனிகோடு முறையில் கணினி சேமிப்பதோ ஏழு குறியீடுகள்: வ, இரட்டைக் கொம்பு, ர, புள்ளி, க, ள, புள்ளி. கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், உச்சரிப்பு வரிசைப்படி ‘வ’வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் நகர்த்துவது எழுத்துகளைக் கோக்கும் நிரலின் வேலை. நம் திறன்பேசிகள் அதைச் செய்துவிடுகின்றன. நான் முதலில் பயன்படுத்திய மென்பொருளில் அது நடக்கவில்லை. கொம்பு ‘ர’வோடு ஒட்டிக்கொண்டது. புள்ளிகளும் தனி எழுத்துகளைப்போலத் தனித்தனியே முளைத்தன.

தீர்வு எளிது. எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் ஓவியமாக அனுப்ப வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து சொல்லைத் தட்டச்சு செய்தேன். பிறகு ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளையால் அதைக் கோட்டுருவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தேன். மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் தட்டச்சால் திருத்த முடியாது. அதனால் அதற்கு முன்பே ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள். நான் பாட்டியிடம் காட்டினேன்.

அந்தக் கோப்பைப் பிளெண்டரில் இறக்கினேன். இதுவும் இலவசம்தான். 2025ல் ஆஸ்கர் வென்ற ‘ஃப்ளோ’ அசைவூட்டப் படம் இதில் உருவானதுதான். இறக்கிய எழுத்துகள் மிகச் சிறியதாக வரும், பதறாமல் பெரிதாக்குங்கள். கொம்பையும் ‘வ’வையும் தேர்ந்து, கண்ட்ரோல் விசையுடன் ‘ஜே’ விசையை அழுத்தினால் அவை ஒன்றாகும். ஒவ்வோர் எழுத்தின் மையப்புள்ளியையும் அதன் அடிப்பாகத்துக்கு நகர்த்தினேன். அப்போதுதான் எழுத்து நடுவிலிருந்து வீங்காமல் அடியிலிருந்து வளரும்.

விநாடிக்கு 24 சட்டங்கள். முதல் சட்டத்தில் ‘வே’யின் அளவு சுழியம், 13ஆம் சட்டத்தில் முழு அளவு. இடையில் உள்ளதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அடுத்தடுத்த எழுத்துகளை ஆறாறு சட்டங்கள் தள்ளித் தொடங்கினேன். ஒரே வேகத்தில் வளர்ந்தால் இயந்திரம்போல் இருக்கும். மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்பதே உயிருள்ள அசைவு. டிஸ்னி ஓவியர்கள் ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981ல் எழுதிய நூலில் பட்டியலிட்ட 12 அசைவூட்டக் கொள்கைகளில் இதுவும் ஒன்று.

புள்ளிகளை மட்டும் மழைத்துளிபோலக் கடைசியில் விழவைக்க ஆசைப்பட்டேன். ஒரு விநாடி தாமதித்து விழவைத்தேன். பாட்டி உடனே ‘வேரகள’ என்று வாசித்தார். புள்ளி விழும்வரை அது மெய்யெழுத்தே அல்லவே! தாமதத்தை நான்கு சட்டங்களாகக் குறைத்தேன். துளியும் விழுந்தது, சொல்லும் கெடவில்லை.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளைத் தொடக்கப்பள்ளியில் மனப்பாடம் செய்தேன். எது ஓர் எழுத்து என்பதை அந்த ஐந்து நாள்களில்தான் உண்மையாகக் கற்றேன்.

நிகழ்ச்சியன்று அரங்கில் விளக்கு அணைந்து, ‘வேர்கள்’ முளைத்தது. முன்வரிசையில் பாட்டி சத்தமாகவே வாசித்தார். இந்த முறை சரியாக இருந்தது.