கையில் கொடுத்த தாள் எஃப்.ஐ.ஆர். தானா?

(எபிசோடின் எழுத்து வடிவம், வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்டது. குடும்ப வன்முறை பற்றிய பேச்சு இதில் உண்டு.)

போன வருஷம் ஒரு ராத்திரி என் தோழி ஒரே ஒரு பையோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. மறுநாள் ரெண்டு பேரும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். நாலு மணி நேரம் பெஞ்சுல உட்கார்ந்தோம். கடைசியா கையில ஒரு தாளைக் கொடுத்தாங்க. 'கேஸ் போட்டாச்சு'ன்னு நெனச்சு வீட்டுக்கு வந்துட்டோம். மூணு மாசம் கழிச்சு வக்கீல் அந்தத் தாளைப் பார்த்துட்டு, "இது எஃப்.ஐ.ஆர். இல்லம்மா, சி.எஸ்.ஆர்."னு சொன்னார். அந்த மூணு மாசத்துக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல்ல வித்தியாசம். சி.எஸ்.ஆர். என்பது உங்க புகாரை வாங்கிக்கிட்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, வழக்குப் பதிவானதற்கான ஆவணம். அதில் குற்ற எண், வருஷம், எந்தச் சட்டப்பிரிவு என்பதெல்லாம் இருக்கும். கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்குப் பழைய 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆவது பிரிவு. தாளில் இந்த விவரங்கள் இருக்கான்னு ஸ்டேஷனிலேயே பார்த்துடுங்க.

சி.எஸ்.ஆர். கொடுப்பதே தப்புன்னு நான் சொல்லல. குடும்ப விவகாரங்களில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம்னு 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும், சில வகைக் குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாளுக்குள் அந்த விசாரணையை முடிக்கணும்னு இருக்கு. அதனால சி.எஸ்.ஆர். கையில வந்த அன்னைக்கே காலண்டர்ல தேதியைக் குறிச்சு வைங்க. நாங்க அதைச் செய்யல.

எஃப்.ஐ.ஆர். போட்டா, அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமா கொடுக்கணும். இது 173-ஆவது பிரிவு. யாரோட தயவும் இல்லை, ஜெராக்ஸ் காசும் இல்லை. "மேடம், எஃப்.ஐ.ஆர். காப்பி கொடுங்க"ன்னு நேராவே கேளுங்க. தொலைஞ்சு போனா, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டுச் சான்றளித்த நகல் வாங்கலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம், ஆனா பாலியல் குற்றம் மாதிரி நுட்பமான வழக்குகளை அங்கே ஏற்ற மாட்டாங்க.

புகாரே வாங்கலேன்னா? விஷயத்தை எழுதி எஸ்.பி.க்கு, சென்னை மாதிரி நகரம்னா கமிஷனர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்க. அதுக்கும் பதில் இல்லேன்னா மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "இது எங்க எல்லை இல்ல"ன்னு திருப்பி அனுப்பவும் முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்கணும். புகுந்த வீட்டிலிருந்து தப்பி வந்து தங்கியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம்னு 2019-ல் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பு இருக்கு.

இப்போ நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட விஷயம். எஃப்.ஐ.ஆர். நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் கிடைக்கும். புகாரில் நீங்க எழுதுற விலாசமும் அதோட போகும். என் தோழி எழுதினது என் வீட்டு விலாசத்தை! ஒளிஞ்சு தங்கியிருக்கிற இடத்தை எழுதுறதுக்கு முன்னாடி, வேற எந்த விலாசத்தைக் கொடுக்கலாம்னு வக்கீலிடமோ அந்த அதிகாரியிடமோ கேளுங்க. பெற்றோர் வீடு அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச இடம்தானே.

இன்னொரு வழியும் இருக்கு. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பாதுகாப்பு அலுவலர் ஒரு குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை தயார் பண்ணி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அதை வைத்துப் பாதுகாப்பு ஆணை, தங்கும் உரிமை, ஜீவனாம்சம் எல்லாம் கேட்கலாம். இதுக்கு எஃப்.ஐ.ஆர். அவசியம் இல்லை. 85-ஆவது பிரிவில் போலீஸ் நேரடியா வழக்குப் பதியணும்னா, பாதிக்கப்பட்டவரோ அவரோட உறவினரோ புகார் கொடுக்கணும். ஆனா பாதுகாப்பு அலுவலரிடம் என்னை மாதிரி ஒரு தோழிகூடத் தகவல் சொல்லலாம்.

அடி பட்டிருந்தா முதல்ல அரசு ஆஸ்பத்திரி. எப்படி அடி பட்டதுன்னு டாக்டரிடம் மறைக்காம சொல்லுங்க. அந்தப் பதிவு பின்னாடி சாட்சி ஆகும். வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. பெண்கள் உதவிக்கு 181. உடனடி ஆபத்துன்னா 112.

எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து, அவர் தொட முடியாத ஒரு போனுக்கு அனுப்பி வைங்க. என் தோழியோட தாள்கள் இன்னைக்கும் என் போன்லதான் இருக்கு. இப்போ அதில் எஃப்.ஐ.ஆரும் இருக்கு.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.