சுடுவதா, உறையவைப்பதா, மின்துடிப்பா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கும். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி நெருக்கியும் விட்டுவிட்டும் அடிக்கும். இடது மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்தால் பக்கவாதம் வரலாம். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குத் தொடை இடுக்குச் சிரை வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறைக் கிளப்பும் திசுவைச் செயலிழக்கச் செய்வார்கள். இதுதான் அப்லேஷன்.

அந்தத் திசு எங்கே இருக்கிறது என்பது 1998இல் தெரியவந்தது. பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஆயிசகேர் குழுவினர் 45 நோயாளிகளிடம் கண்ட 69 தூண்டுபுள்ளிகளில் 65, நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அதனால் அச்சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் போட்டு மின்தொடர்பைத் துண்டிப்பதே சிகிச்சையின் அடித்தளமாயிற்று. நோய் விடாமல் நீடிப்பவர்களுக்கு மேலறைச் சுவரிலும் கோடுகள் போட்டால் இன்னும் நல்லது என்று பலர் நம்பினார்கள். 589 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வு அதைப் பொய்யாக்கியது: வளையம் மட்டும் போட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு 18 மாதங்களில் நோய் திரும்பவில்லை, கோடுகளும் சேர்ந்தவர்களில் அது 46 சதவீதம்தான். கூடுதலாகச் சுட்டது வீண் வேலை.

வளையம் போட மூன்று வழிகள். ரேடியோ அலைச் சூட்டால் புள்ளி புள்ளியாகச் சுடுவது பழைய வழி. சிரையின் வாயில் பலூனை விரித்து ஒரே மூச்சில் உறையவைப்பது அடுத்தது. 2016இல் 762 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஓராண்டில் பலன் தவறியவர்கள் சூட்டில் 35.9, குளிரில் 34.6 சதவீதம். குளிர்முறையில் உதரவிதான நரம்பு சிலருக்குப் பாதிக்கப்பட்டது. சூட்டில் அரிதாக, பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாய் புண்ணாகலாம். மூன்றாவது, நொடிக்கும் மிகக் குறைந்த நேர மின்துடிப்பால் இதயத்தசைச் செல்களின் சவ்வைத் துளைப்பது. அதற்கு உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடும். 2023இல் வெளியான ஆய்வில் மின்துடிப்புக்கு 73.3, வெப்பம் அல்லது குளிருக்கு 71.3 சதவீத வெற்றி. ஆக, கருவியைவிட வளையம் இடைவெளியின்றி அமைவதே முக்கியம்.

இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. சிறுவயதில் ரூமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம்மிடம் அதிகம். மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வரும் ஒருவருக்கு ஈசிஜியில் இந்த நோய் தெரிந்தால், அடுத்து எக்கோவில் வால்வைப் பார்த்தாக வேண்டும். வால்வு சுருங்கி மேலறை வீங்கியிருந்தால் முதலில் பலூனால் வால்வை விரிப்பதோ அறுவை சிகிச்சையோதான். அப்லேஷன் பின்னால் வரும் பேச்சு. இவர்களுக்குப் புதிய இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைவிடப் பழைய வகையே மேல் என்று 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. அசிட்ரோம் போன்ற அந்த மாத்திரைக்கு பி.டி.-ஐ.என்.ஆர். பரிசோதனை தவறாமல் வேண்டும். அப்லேஷன் செய்துகொண்டவர்களும் குறைந்தது இரண்டு மாதங்கள் உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தொடர வேண்டும். அதன்பின் நிறுத்துவதா என்பதைப் பக்கவாத அபாயத்தைக் கணக்கிட்டு மருத்துவர் முடிவு செய்வார். நாடி சீரானது மட்டும் அதற்குப் போதாது.