எம்1 எடுத்த அன்றே றோட்டில் இறங்க வேண்டாம்

ஒன்ராறியோவில் கார் பழகத் தொடங்குபவர் ஜி1 எடுத்தால், பக்கத்து இருக்கையில் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். மோட்டார் சைக்கிளில் பக்கத்து இருக்கை இல்லை. ஆகவே எம்1 எடுத்தவருக்கு அந்தக் காவலும் இல்லை. எழுத்துத் தேர்வில் தேறி, கண் சோதனை முடித்து, கட்டணம் கட்டினால் போதும். அதுவரை கிளச்சில் கை வைத்தே பாராத ஒருவர் அன்று பின்னேரமே 1000 சிசி வண்டியில் தனியாக வெளிக்கிடலாம். சிங்கப்பூரில் தொடக்க நிலையான 2பி அனுமதியை வைத்துக்கொண்டு 200 சிசிக்கு மேல் ஓட முடியாது. இங்கே எஞ்சின் அளவுக்கு வரம்பு ஒன்றும் இல்லை. காப்புறுதி கொடுக்க ஒரு கம்பனி சம்மதித்தால் சட்டம் குறுக்கே நிற்காது.

1994இல் இந்த மாகாணம் படிமுறை லைசென்ஸைக் கொண்டுவந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு எம்1, எம்2, எம் என்று மூன்று படி வைத்தது. பேப்பரில் பார்த்தால் எம்1தான் கட்டுப்பாடு கூடிய படி. றோட்டில் பார்த்தால் அதுதான் ஆபத்துக் கூடியது. எனவே எம்1ஐ வண்டி ஓடுவதற்கான அனுமதியாக நினைக்காதீர்கள். பயிற்சி வகுப்புக்குள் போவதற்கான நுழைவுச்சீட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. இனி வருவதெல்லாம் அந்தக் கட்சியில் நின்று சொல்வது.

முதல் வேலை எழுத்துத் தேர்வு அல்ல, கலண்டரைப் பார்ப்பது. எம்1 90 நாளுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க முடியாது. காலாவதியானால் மறுபடி எழுத்துத் தேர்வு, மறுபடி கட்டணம். இன்னொரு பக்கம், எம்2 கையில் வர எம்1ஐக் குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும். ஆக, எம்2க்கு மாறுவதற்கு உங்களுக்குக் கிடைப்பது அறுபதாம் நாளுக்கும் தொண்ணூறாம் நாளுக்கும் இடைப்பட்ட ஒரு மாதம். செப்ரெம்பர் கடைசியில் ஆசை வந்து எம்1 எடுத்தால் நாள் முடிவதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிடும். பயிற்சி வகுப்புக்கு இடம் எடுத்த பிறகு, அந்த வார இறுதிக்கு இரண்டு மூன்று கிழமை முன்னதாக எழுத்துத் தேர்வுக்குப் போவதே ஒழுங்கு. வகுப்பு மே நடுவில் என்றால் ஏப்ரல் கடைசியில் எம்1. வகுப்பின் முடிவுச் சோதனையில் தவறினாலும் திரும்பச் செய்ய நாள் மிஞ்சும். மே, ஜூன் வார இறுதிகள் வேகமாக நிரம்பிவிடும் என்பதால் குளிர் நாளிலேயே இடத்தைப் பிடித்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். போக்குவரத்து அமைச்சின் மோட்டார் சைக்கிள் கைநூலை இரண்டு தரம் ஊன்றி வாசித்தால் போதும். தேற 80 சதவீதம் வேண்டும். கார் ஓட்டி அனுபவம் உள்ளவர்கள் வழுக்கி விழுவது வீதிச் சமிக்ஞைகளில் அல்ல. ஒழுங்கையில் எந்த ரயர்த்தடத்தில் நிற்பது, குழுவாகப் போகும்போது எப்படி அடுக்குவது, திருப்பத்தில் எப்போது வேகம் குறைப்பது போன்ற கேள்விகளில்தான். அவற்றைக் கார் மூளையால் ஊகிக்க முடியாது.

தேறியதும் காகிதத்தில் தற்காலிக லைசென்ஸ் தருவார்கள். அதோடு வரும் கட்டுப்பாடுகள் நான்கு. இரத்தத்தில் மதுவின் அளவு சுத்தமாகப் பூச்சியம். பின்னால் ஆளை ஏற்றக்கூடாது. சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரைதான் ஓடலாம். மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லையுள்ள நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது. 401, 404 மட்டுமல்ல, 90 எல்லையுள்ள டொன் வலி பாக்வேயும் இதில் அடங்கும். 11, 17 போன்ற சில வடக்கு நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்குள்ள பல ஊர்களுக்கு அந்த நெடுஞ்சாலையை விட்டால் வேறு றோட்டே கிடையாது.

ஊரில் ஓடிய ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றிய தலைமுறைக்கு, ஸ்காபரோவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்ரிக் கூம்புகளைச் சுற்றி ஓடப் பழகு என்றால் சிரிப்பு வரும். ஆனால் அந்த நாளில் பலர் ஓடிய எம்டி 90க்குக் கிளச் லீவரே இல்லை. கியர்ப் பெடலை மிதித்தால் கிளச் தானாக விலகிக்கொள்ளும். இங்கே இடது கை முழு நேரமும் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் றோட்டின் பக்கம் மாறுகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும் கார்களுக்கு இடையால் முன்னுக்குப் போகும் பழக்கம் இங்கே குற்றம். இலங்கை, இந்திய லைசென்ஸை அப்படியே கொடுத்து இங்கத்தைய எம்மை வாங்கிக்கொள்ளவும் முடியாது. அனுபவம் உள்ளவரும் புது ஆளாகவே வகுப்புக்கு வருவது நல்லது.

அடுத்தது உடுப்பு. முழு முகத்தையும் மூடும் ஹெல்மெற், கணுக்காலைத் தாண்டிய பூற்ஸ், விரல் முழுக்க மூடும் கையுறை, தடித்த ஜீன்ஸ், நீளக்கை ஜக்கெற். இவை இல்லாமல் பயிற்சித் திடலுக்குள் விடமாட்டார்கள். ஹெல்மெற் கட்டாயம், தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் 2018 ஒக்ரோபரிலிருந்து விலக்கு உண்டு. பழைய ஹெல்மெற்றை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். ஒருதரம் விழுந்த ஹெல்மெற்றின் உள்நுரை நசுங்கியிருந்தாலும் வெளியில் ஒன்றும் தெரியாது. தலையில் போட்டு, பட்டியைக் கட்டாமல் ஆட்டிப் பார்த்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். வண்டி வாங்குவதற்கு ஒதுக்கிய காசில் முதல் பங்கு இதற்குப் போகட்டும்.

பயிற்சி வகுப்பு பெரும்பாலும் வெள்ளி மாலை பாடமும், சனி ஞாயிறு திடலுமாக இருக்கும். கொலிஜ்களின் வாகனத் தரிப்பிடங்களில் கோடு போட்டு, 125இலிருந்து 300 சிசி வரையான சின்ன வண்டிகளைப் பள்ளியே தரும். விழுந்து கீறினாலும் அது பள்ளியின் வண்டி. இந்த ஒரு காரணத்துக்கே வகுப்புக் கட்டணம் தகும்.

சனி காலையில் எஞ்சினை ஸ்ராட் பண்ண விடமாட்டார்கள். முதலில் வண்டியை நியூற்றலில் போட்டு, இடது பக்கம் நின்று, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வட்டமாக நடக்க வேண்டும். பலருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். 150 கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒன்று எந்தச் சாய்வு வரை உங்கள் இடுப்பில் நிற்கும், எந்தச் சாய்வுக்கு மேல் போனால் நிறுத்த முடியாது என்பதை உடம்பு இதில்தான் அறிகிறது. பிறகு ஸ்ராட் பண்ணும் ஒழுங்கு. ஃபைன்-சி என்று ஆங்கில எழுத்துகளை வைத்து மனப்பாடம் செய்ய வைப்பார்கள். பெற்றோல் இருக்கிறதா, சாவி திறந்ததா, நியூற்றலா, எஞ்சின் நிறுத்தும் சுவிச் சரியான பக்கம் இருக்கிறதா, கிளச் பிடித்ததா. வண்டி ஸ்ராட் ஆகவில்லை என்று பயிற்றுநரைக் கூப்பிடுபவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சிவப்புச் சுவிச்சைத் தட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அடுத்து வருவதுதான் முழு வகுப்பின் உயிர். முதலாவது கியரில் போட்டு, கிளச் லீவரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் தாழும். வண்டி முன்னுக்குப் போகத் துடிக்கும். அந்த இடத்திலிருந்து லீவர் முழுதாக விடுபடும் வரையுள்ள இரண்டொரு விரல் தூரம்தான் கிளச் பாதி பிடிக்கும் பகுதி. அரிசிப் பானை பொங்கும்போது அடுப்பைக் கூட்டிக் குறைப்பது மாதிரி அந்த இடைவெளிக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு வேகத்தை ஆள வேண்டும். முதலில் இரண்டு காலும் நிலத்தில் ஊன்றி நடந்தபடி, பிறகு கால்களைத் தூக்கி வைத்து, பிறகு நடப்பவரைவிட மெதுவாக. மெதுவாகப் போகும்போது முன் பிறேக்கைத் தொடாதீர்கள். கைப்பிடி திரும்பியிருக்கையில் முன் பிறேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் அப்படியே விழும். சனிக்கிழமை விழுபவர்களில் அநேகர் விழுவது இப்படித்தான். வலது காலால் பின் பிறேக்கை இலேசாக மிதித்து, கிளச்சால் இழுத்துப் போவதே வழி.

கூம்புகளுக்கு இடையால் வளைந்து போகும் பயிற்சியில் எல்லாருக்கும் ஒரே நோய்: கூம்பைப் பார்ப்பது. பார்த்த கூம்பில் போய் ஏறுவார்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும் என்பதைப் பயிற்றுநர் நாள் முழுக்கக் கத்துவார். சிறிய வட்டத்தில் திரும்பும்போது நாடி தோளுக்கு வரும் அளவுக்குத் தலையைத் திருப்பி, வெளியேறப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டும். முன் ரயரைக் குனிந்து பார்ப்பதை விட்டுவிட்ட அன்றைக்கே பாதி ஓட்டம் வந்துவிடும்.

ஞாயிறு வேகம் கூடும். இரண்டாவது கியருக்கு மாற்றுவது, திருப்பத்துக்கு முன் குறைப்பது, திடீரென நிறுத்துவது, தடையை விலத்துவது. நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் பிறேக்கில் இருக்கிறது. பிறேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்தில் இறங்கி ரயரை நிலத்தில் அழுத்துவதால்தான் அந்தப் பலம். அதனால் லீவரைப் பறித்துப் பிடிக்கக்கூடாது. பாரம் இறங்க ஒரு கணம் கொடுத்து, தோடம்பழம் பிழிவது போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விலத்துவதற்குச் சொல்வது முதலில் தலைகீழாகப் படும்: இடப்பக்கம் போக இடக் கைப்பிடியை முன்னுக்குத் தள்ளுங்கள். ஓரளவு வேகம் வந்த பிறகு இரு சக்கர வண்டி அப்படித்தான் சாயும். சிறு வயதுச் சைக்கிளிலேயே நீங்கள் அறியாமல் செய்ததுதான். ஞாயிறு பின்னேரம் இவற்றைக் கோர்த்து ஒரு சோதனை. எஞ்சின் ஒருதரம் நின்றுபோனால் சில புள்ளி குறையும், அவ்வளவுதான். வண்டியைக் கீழே போட்டால்தான் கதை முடியும்.

வகுப்பு இல்லாமல் டிரைவ்ரெஸ்ட் நிலையத்தில் நேரே சோதனை செய்யவும் இடமுண்டு. ஆனால் சொந்த வண்டி வேண்டும், தனியாகப் பழகியிருக்க வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900க்கு மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து 1981இல் வெளிவந்த ஹேர்ட் அறிக்கை, விபத்தில் சிக்கிய ஓட்டிகளில் 92 சதவீதத்தினர் தாமாகவோ குடும்பத்தவர், நண்பர்களிடமோ பழகியவர்கள் என்று கண்டது. மச்சான் பழக்கிவிடுவான் என்று இருப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் தேறியும் 60 நாள் நிறையவில்லை என்றால் சும்மா இருங்கள். நாள் நிறைந்ததும், தேறிய அத்தாட்சியோடு போய் எம்2க்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் காத்திருப்பில் செய்யக்கூடிய பிரயோசனமான வேலை காப்புறுதிக்கு விலை கேட்பது. வண்டி வாங்க முன்னம் கேளுங்கள்; வாங்கிய பிறகு கேட்டு அழுதவர்கள் பலர். 25 வயதுக்குக் குறைந்த ஒருவர் 600 சிசி ரேஸ் ரக வண்டிக்குக் கேட்டால் வண்டி விலையை எட்டும் தொகை சொல்வார்கள், அல்லது முடியாது என்பார்கள். அதே ஆள் 300 சிசி சாதாரண வண்டிக்குக் கேட்டால், வகுப்பு முடித்த அத்தாட்சியையும் காட்டினால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

எம்2 வந்ததும் இரவு ஓடலாம், நெடுஞ்சாலையில் ஏறலாம், ஆளை ஏற்றலாம். மதுப் பூச்சியம் என்ற ஒன்றுதான் மிஞ்சும். அனுமதி வந்தது என்பதற்காக முதல் கிழமையே மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு 401இல் போக வேண்டியதில்லை. ஞாயிறு விடியற்காலை, குடிமனைத் தெருக்கள், நாலு பக்கமும் நிறுத்தக் குறியுள்ள சந்திகள். அங்கே ஒரு மாதம். ஏப்ரலில் சந்தி மூலைகளில் குளிர்காலத்து மணலும் உப்பும் கிடக்கும். திரும்பும்போது சக்கரம் வழுக்கும். ஒக்ரோபரில் ஈர இலைகள் அதே வேலையைச் செய்யும். ரொறன்ரோ நகருக்குள் ஸ்ரீற்கார் தண்டவாளத்தை முடிந்தவரை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். மழையில் சாய்வாகக் கடந்தால் ரயரை அது இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லாவற்றிலும் கவனம் வைக்க வேண்டியது எதிரே வந்து இடப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் கார். ஹேர்ட் ஆய்விலும், இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் மற்ற வாகனக்காரரே வழியை மறித்திருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். உருளத் தொடங்கினால் அதில்தான் முதலில் தெரியும். இரண்டு விரல் முன் பிறேக்கில் இருக்கட்டும்.

எம்2 நிலையில் குறைந்தது 22 மாதம் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முடித்திருந்தால் 18. அதன் பிறகு றோட்டில் ஒரு சோதனை: காதில் ரேடியோ, பின்னால் காரில் பரிசோதகர். எம்2 ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்பதால் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதற்குள் எம் எடுக்காவிட்டால் மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் சோதனை நடப்பதில்லை. உங்கள் முடிவுத் திகதி பெப்ரவரியிலோ மார்ச்சிலோ விழுந்தால், உண்மையான கடைசி நாள் அதற்கு முந்திய ஒக்ரோபர்.