கொம்பு, கன்மலை, உலை

பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டு. வாடிவாசலிலிருந்து காளை சீறி வரும்போது எல்லோர் கண்ணும் அதன் கொம்பில்தான் இருக்கும். ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த பழைய இஸ்ரவேலருக்கும் வலிமை என்றால் கொம்புதான். 18-ஆம் சங்கீதம் கடவுளைக் கன்மலை, கோட்டை, கேடகம் என்று அடுக்குகிறது. அந்த வரிசையில் இரட்சணியக் கொம்பும் உண்டு.

பலிபீடத்தின் நான்கு மூலைகளிலும் கொம்பு வைக்கச் சொல்கிறது யாத்திராகமம். சாலொமோன் அரசனுக்குப் பயந்த அவன் அண்ணன் அதோனியா, உயிர் பிழைக்க ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது அந்தக் கொம்பைத்தான். அத்தகைய பீடம் கற்பனையல்ல. இஸ்ரேலின் பெயெர்செபா மேட்டில் கொம்புள்ள கல் பீடம் ஒன்று 1973-இல் அகழாய்வில் கிடைத்தது.

சங்கீதம் சொல்லும் கன்மலையைக் காண மதுரைக்காரர்கள் தொலைவு போக வேண்டாம். ஒத்தக்கடை யானைமலை போதும்.

ஆனால் கொம்பும் கன்மலையும் காட்டும் இந்தப் பலத்தை வேதாகமமே புரட்டிப்போடுகிறது, சுவாரஸ்யம் அங்கேதான். வெளிப்படுத்தின விசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றதாக அறிவிப்பு வருகிறது. தரிசனத்தில் யோவான் பார்ப்பதோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியை. அதற்கு ஏழு கொம்புகள்!

மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு இன்னும் ஒரு படி போனார். 'பறட்டை' என்ற பெயரில் பாட்டுக் கட்டிய அவர், ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதை இறையாட்சியின் அடையாளமாக்கினார். வழிபாட்டுக்கு நாட்டுப்புற மெட்டுகளைக் கொண்டுவந்தார். கோட்டையையும் கேடகத்தையும்விட இந்த மண்ணுக்கு அந்த உலை நெருக்கமானது. அப்பாவு 2005-இல் மறைந்தார்.