கட்டுரை வினாவுக்குப் பழகுதல்

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில், தென் கோளத்தில் வசந்தம் முதிர்ந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் பாடசாலை மண்டபங்களில் மேசைகள் வரிசையாக இடப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் உயர் பாடசாலைச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு அமரும் காலம் அது. எழுத்துப் பரீட்சைகள் பெரும்பாலும் ஆங்கிலத்துடனேயே தொடங்கும். கணிதத்தையோ வரலாற்றையோ விஞ்ஞானத்தையோ ஒரு மாணவன் விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிடின் விடலாம். ஆங்கிலத்தை மட்டும் விட இயலாது. பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசையைக் கணிக்கும்போதும் ஆங்கிலப் புள்ளிகள் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன. மருத்துவனாக விரும்பும் பிள்ளையும், பொறியியலாளனாக விரும்பும் பிள்ளையும், இலக்கியக் கட்டுரை எழுதியே அவ்வாயிலைக் கடக்க வேண்டும். சிட்னி நகரின் மேற்குப் பகுதிகளில் வாழும் ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் அம்மண்டபங்களில் அமர்கின்றனர். ஆதலின் இப்பரீட்சையின் போக்கு இலங்கை நேயர்கள் பலருக்கும் முற்றிலும் அந்நியமான செய்தியன்று.

சேர் ஹரோல்ட் விண்டம் என்னும் கல்விமானின் பெயரால் வழங்கும் சீர்திருத்தத்தின் விளைவாக, 1967 ஆம் ஆண்டில் இப்பரீட்சை முதன்முறையாக நடைபெற்றது. அதற்குப் பின் அதன் அமைப்புப் பன்முறை மாறியுள்ளது. 2019 ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நடைமுறைக்கு வந்த ஒழுங்கின்படி, ஆங்கில உயர்நெறி மாணவருக்கு இரண்டு வினாப்பத்திரங்கள் அமைந்தன. முதலாவது பத்திரத்துக்கு ஒன்றரை மணி நேரம். அதில் இரண்டு பகுதிகள். இரண்டாவது பத்திரத்துக்கு இரண்டு மணி நேரம். அதில் மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 20 புள்ளிகள். ஒரு பகுதியில் முன்பின் அறியாத சிறு பாடங்களைப் படித்து விடை எழுத வேண்டும். ஏனையவற்றில், விதிக்கப்பட்ட நூலைப் பற்றிய கட்டுரை, இரு நூல்களை இணைத்து நோக்கும் கட்டுரை, ஒரே நூலை நுணுகி ஆராயும் கட்டுரை, எழுத்துக்கலைப் பயிற்சி என்பன அடங்கும். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடங்களே. அதற்குள் வினாவைப் படித்து, சிந்தித்து, கையால் எழுதி முடிக்க வேண்டும்.

இந்நெருக்கடியிலிருந்து தப்ப மாணவர் கண்ட எளிய வழி மனனம். பரீட்சைக்குப் பல வாரங்கள் முன்னரே ஒரு கட்டுரையை எழுதி, ஆசிரியரிடமோ தனிப்போதனையாளரிடமோ திருத்தம் பெற்று, மெருகேற்றி, சொல்லுக்குச் சொல் நெட்டுருச் செய்து, மண்டபத்தில் அப்படியே இறக்கிவிடுவது. இவ்வழக்கத்தைச் சோம்பல் என்று எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரையை அட்சரம் பிசகாமல் மனத்தில் நிறுத்துவதற்குக் கடும் உழைப்பு வேண்டும். ஆயினும் அவ்வுழைப்பு தவறான இடத்தில் செலவாகின்றது என்பதே வருத்தத்திற்குரியது.

ஏனெனில், வினா என்பது ஒரு சடங்கன்று. அது ஒரு குறிப்பிட்ட விடயத்தைக் கேட்கின்றது. மனனம் செய்த கட்டுரையோ வேறொரு வினாவுக்கு முன்னரே அளிக்கப்பட்ட விடை. இரண்டும் பொருந்தும் ஆண்டில் மாணவன் தப்புகிறான். பொருந்தாத ஆண்டில் அவன் படும் பாடு பெரிது. வினாவிலுள்ள இரண்டொரு சொற்களை ஒவ்வொரு பந்தியின் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒட்டிவிட்டு, இடையில் பழைய கட்டுரையையே தொடர்கிறான். பழைய சட்டையில் புதுத் துணி ஒட்டியது போல அவ்வொட்டு வெளித் தெரிகின்றது. ஒரே வினாவுக்கு நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைப் படிக்கும் பரீட்சகருக்கு அதனைக் கண்டுகொள்வது கடினமன்று. 2019 இல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின் நோக்கங்களில் ஒன்று, முன்கூட்டியே ஆயத்தம் செய்து கொணரும் விடைகளின் ஆதிக்கத்தைக் குறைப்பதாகும்.

அவ்வாறாயின் மாணவன் எவ்வாறு பழக வேண்டும்? விடையைப் பழகுவதை விடுத்து, வினாவை எதிர்கொள்ளப் பழக வேண்டும். இதற்குப் படிமுறைகள் உள.

முதற்படி, வினாவைப் பிரித்துப் படித்தல். ஒவ்வொரு வினாவிலும் மூன்று உறுப்புகள் இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று ஏவும் சொல் ஒன்று. எதைப் பற்றி என்று சுட்டும் பொருள் ஒன்று. எந்த அளவில், எந்த நூலைக் கொண்டு என்று வரையறுக்கும் எல்லை ஒன்று. அம்மாநிலத்துப் பரீட்சை அதிகாரிகள் ஏவற் சொற்களுக்கு விளக்கம் கூறும் ஒரு சொற்பட்டியலை வெளியிட்டுள்ளனர். அதன்படி, பகுப்பாய்க என்றால் ஒன்றன் கூறுகளையும் அவற்றிடையேயுள்ள தொடர்பையும் கண்டு, அவற்றால் விளைவது யாதென உரைக்க வேண்டும். மதிப்பிடுக என்றால் அளவுகோல் ஒன்றை வைத்துத் தீர்ப்புக் கூற வேண்டும். கலந்துரைக்க என்றால் சார்பாகவும் எதிராகவும் உள்ளவற்றை எடுத்துக்காட்ட வேண்டும். தீர்ப்புக் கேட்ட இடத்தில் கதைச் சுருக்கம் எழுதியவனுக்குத் தக்க புள்ளி எவ்வாறு கிடைக்கும்?

இரண்டாம் படி, வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் விடை கூறுதல். வினாவை வாசித்தவுடன், ‘ஆம், இந்நூல் அவ்வாறு கூறுகின்றது, ஆனால் இன்ன காரணத்தால் அதற்கு ஓர் எல்லையும் வகுக்கின்றது’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தை எழுத இயலுமாயின், கட்டுரையின் முதுகெலும்பு அமைந்துவிட்டது. அவ்வாக்கியம் அமையாத கட்டுரை எத்தனை பக்கம் நீண்டாலும் தானாக நிற்காது.

மூன்றாம் படி, சான்று. இதனை ஓர் உதாரணத்தால் விளக்குதல் நன்று. விதிக்கப்பட்ட நூல்களுள் ஜோர்ஜ் ஓர்வெல் 1949 இல் வெளியிட்ட ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு’ என்னும் நாவலும் ஒன்று. அதன் நாயகன் வின்ஸ்ரன் ஸ்மித். பழைய பத்திரிகைச் செய்திகளை ஆளும் கட்சியின் விருப்பப்படி மாற்றி எழுதுவது அவனுடைய உத்தியோகம். அவன் ஒரு பழம்பொருட் கடையிலே, உள்ளே பவளத் துண்டு பதித்த கண்ணாடிக் குண்டு ஒன்றை வாங்குகிறான். தாள் பறவாமல் மேலே வைக்கும் பாரம் அது. பின்னர் அவனும் ஜூலியா என்னும் பெண்ணும் கைது செய்யப்படும் வேளையில், காவலருள் ஒருவன் அதனை எறிந்து உடைத்துவிடுகிறான்.

இச்சிறு பொருளை நன்கு அறிந்த மாணவன் முன், கடந்த காலத்தின் நினைவு மனிதனுக்கு ஏன் இன்றியமையாதது என்று ஒரு வினா வருவதாகக் கொள்ளலாம். அப்பொழுது அக்கண்ணாடி, எவரும் மாற்றி எழுத மறந்துபோன வரலாற்றின் ஒரு துண்டாக நிற்கும். அன்பு அடக்குமுறையை எவ்வளவு தூரம் எதிர்த்து நிற்க வல்லது என்று வேறொரு வினா வருமாயின், அதே கண்ணாடி அவ்விருவரும் மறைந்து வாழ்ந்த சிற்றறையின் உருவமாகின்றது. அது நொறுங்குவது அவ்வன்பின் வலுவின்மையைக் காட்டுகின்றது. மனிதனின் தனிமை பற்றி மூன்றாவது வினா ஒன்று எழுமாயின், நல்ல மாணவன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, வின்ஸ்ரன் இரகசியமாக எழுதும் நாட்குறிப்பை எடுப்பான். எவர் படிப்பார் என்று அறியாமலே எழுதும் ஒருவனின் தனிமையை அதனினும் நன்கு காட்டும் சான்று வேறில்லை. சான்று ஒன்றே, அதன் பொருளை வினா தீர்மானிக்கின்றது. கட்டுரையை மனனம் செய்தவனிடம் கட்டி முடித்த ஒரு வீடு உண்டு. அதனைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்க இயலாது. சான்றுகளை அறிந்தவனிடமோ கல்லும் மரமும் உண்டு. கேட்ட வீட்டை அவன் கட்டுவான்.

நான்காம் படி, நேரத்தைப் பங்கிடுதல். நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் திட்டத்துக்கும், மூன்று நிமிடம் இறுதியில் மீள வாசிப்பதற்கும் ஒதுக்கினால், எழுதுவதற்கு முப்பத்திரண்டு நிமிடங்கள் எஞ்சும். முன்னுரை, மூன்று பந்திகள், முடிவுரை என்று கொண்டால், ஒரு பந்திக்கு ஏறக்குறைய எட்டு நிமிடம். இக்கணக்கை மூளை அறிந்தால் மட்டும் போதாது. கையும் அறிதல் வேண்டும். கணினியில் எழுதிப் பழகிய விரல்கள், பேனாவைப் பிடித்து இரண்டு மணி நேரம் தொடர்ந்து எழுதும்போது சோர்ந்துபோகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது போல, மணிக்கூட்டை முன்வைத்து எழுதாத பயிற்சி மண்டபத்தில் உதவுவதில்லை.

ஒவ்வொரு முறையும் முழுக் கட்டுரை எழுத வேண்டும் என்ற நியதியும் இல்லை. ஒரு மாலையில் ஐந்து வினாக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கிய விடையும் மூன்று சான்றுகளும் குறிப்பது சிறந்த பயிற்சி. அரை மணி நேரத்துக்குள் ஐந்து புதிய வினாக்களைச் சந்தித்த துணிவு அதனாற் கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை முழுக் கட்டுரை ஒன்றை நேரத்துக்குள் எழுதினால் அத்துணிவு வலுப்பெறும்.

ஐந்தாம் படி, எழுதியதைத் திருத்திப் பார்த்தல். பலர் கைவிடும் படி இதுவே. கடந்த ஆண்டுகளின் வினாப்பத்திரங்களும், புள்ளியிடும் வழிகாட்டிகளும், பரீட்சகர்களின் பொதுக் குறிப்புகளும் எவரும் பார்க்கக்கூடிய வகையில் வெளியிடப்படுகின்றன. 20 புள்ளிகளில் 17 முதல் 20 வரை பெறும் விடைக்கும், 13 முதல் 16 வரை பெறும் விடைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அவ்வழிகாட்டிகள் சொற்களால் வரையறுக்கின்றன. மாணவன் தன் கட்டுரையை அருகில் வைத்து, தான் எந்தப் படியில் நிற்கிறான் என்று தானே தீர்மானிக்க முயல வேண்டும். பின்னர் ஆசிரியர் இட்ட புள்ளியுடன் ஒப்பிட வேண்டும். ஆசிரியரின் சிவப்புக் குறிப்பை வாசித்துவிட்டுத் தாளை மூடிவைப்பதால் பயன் இல்லை. குறை கண்ட ஒரு பந்தியை மட்டுமாயினும் மீண்டும் எழுதிப் பார்க்கும்போதே அக்குறிப்பு அறிவாகின்றது.

இங்கே நியாயமான ஓர் ஐயம் எழலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளை என்ன செய்வது? அண்மையில் அந்நாட்டை அடைந்து, ஆங்கிலத்தில் சில ஆண்டுகள் மட்டுமே கல்வி கற்றவர்களுக்கெனத் தனியான ஆங்கிலப் பாடநெறி ஒன்று அங்கே உண்டு. ஆயினும் அப்பிள்ளையும் கட்டுரை எழுதியே ஆக வேண்டும். வசனம் பிழைத்துவிடுமோ என்ற அச்சமே பெரும்பாலும் அவனை நெட்டுருவின் பக்கம் தள்ளுகின்றது. அவனுடைய அச்சத்தைப் பழிப்பது தகாது. மனனத்துக்கு உரிய இடத்தை அவனுக்குக் காட்டுவதே தகும். பாத்திரங்களின் பெயர்கள், நூலிலிருந்து எடுத்தாளும் சிறு மேற்கோள்கள், இலக்கிய உத்திகளைக் குறிக்கும் சொற்கள், ஒரு கருத்தை மற்றொன்றுடன் இணைக்கும் தொடர்கள் ஆகியவற்றை மனத்தில் நிறுத்துவது கடன். இவை கருவிகள். கருவியை மனனம் செய்யலாம். வேலையை மனனம் செய்ய இயலாது. எளிய, பிழையற்ற, வினாவுக்கு நேராகச் செல்லும் வாக்கியம், இரவல் வாங்கிய ஆடம்பர வாக்கியத்தினும் பன்மடங்கு மேலானது.

மனனத்தைப் போற்றிய தமிழ் மரபும் அதனோடு நின்றுவிடவில்லை. மாணாக்கன் புலமை பெறும் வகையைக் கூறும் நன்னூலார், ஆசிரியர் சொல்லக் கேட்பதனால் காற்பங்கும், உடன் பயில்வாரோடு பழகுவதனால் மற்றொரு காற்பங்கும், பிறருக்கு விரித்துரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்று கணக்கிட்டார். கேட்ட வினாவுக்குத் தன் சொல்லால் விரித்துரைப்பதன்றோ கட்டுரை?

பெற்றோர் செய்யத்தக்க உதவியும் ஒன்று உண்டு. கட்டுரையை ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பதை விடுத்து, ‘இந்நூல் எதைப் பற்றியது? நீ அதை ஏன் நம்புகிறாய்? அதற்கு நூலில் என்ன சான்று?’ என்று பிள்ளையை வினவலாம். ஆங்கிலத்தில் வினவ வேண்டும் என்பதும் இல்லை. தமிழில் வினவி, தமிழில் விடை பெற்றாலும், சிந்தனை தெளிந்துவிடும். தெளிந்த சிந்தனைக்கு மொழியைத் தேடிக்கொள்வது எளிது. சிந்தனையே இல்லாத இடத்தில் எம்மொழியும் துணை செய்யாது.

ஓர்வெல்லின் அந்நாவலிலே, ஆள்வோர் கொடுத்த தொடர்களை எண்ணிப் பாராமல் ஒப்புவிக்கும் மனிதர்கள் நிறைந்திருக்கின்றனர். அவர்களைக் கண்டித்து எழுத வேண்டிய கட்டுரையை, ஒரு மாணவன் தானும் எண்ணிப் பாராமல் ஒப்புவிப்பானாயின், நூலைப் படித்ததன் பயன் யாது? சான்றிதழில் பொறிக்கப்படும் புள்ளி சில ஆண்டுகளுக்கே பேசப்படும். எதிர்பாராத ஒரு வினாவின் முன் கலங்காமல் நின்று, அது கேட்பதைச் செவிமடுத்து, சான்றோடு தன் விடையைக் கூறும் பழக்கமோ நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் காரியாலயத்திலும் இல்லத்திலும் வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும். கட்டுரை வினாவுக்குப் பழகுபவன் பெறும் பெரிய புள்ளி அதுவே.